மாணவர் அடைவும் வளர்ச்சியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளித் தேர்வுகளின் எண்களைப் பெற்றோர் எவ்வாறு படித்தறிதல் வேண்டும் என்பதுபற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்குந் தொழிலினேம்; கணக்கியலில் வல்லுநர் அல்லேம். ஆயினும் இருபது ஆண்டுகளாக மதிப்பெண் பதிவேட்டை எழுதியும் கூட்டியும், அதன்பொருட்டுப் பெற்றோர்க்கு விடையிறுத்தும் வருகின்றமையின், இப்பொருளைப்பற்றிப் பேசுதற்கு ஓரளவு உரிமை உண்டெனத் துணிந்து எழுந்தோம்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் எமது சொற்பொழிவின் பின்னர் இரண்டு பொருள்கள் குறிக்கப்பெற்றுள்ளன. ஒன்று, பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நம்மவருள் மிக்க மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசளித்தல். மற்றொன்று, சங்கத்தின் பொருளுதவியால் சிற்றூரில் நடைபெறும் மாலை வகுப்பை நிறுத்தி, அப்பணத்தை நகரத்துப் பள்ளியொன்றிற்கு உதவலாமா என்னும் ஆராய்ச்சி. இதற்குக் காட்டப்படும் காரணம், நகரத்துப் பள்ளியில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி, சிற்றூர்ப் பள்ளியில் அவ்வளவு இல்லை என்பதேயாம். யாம் கூறப்புகுவது இவ்விரண்டு பொருள்களையும் நேரே தொடுவதாகலின், சற்றுச் செவிசாய்க்க வேண்டுகின்றோம்.

ஒரு பிள்ளையின் கல்வியைப்பற்றி இரண்டு வினாக்கள் வினவலாம். இன்று எங்கே நிற்கின்றது என்பது ஒன்று. எங்கிருந்து புறப்பட்டு இவ்விடத்தை வந்தெய்தியது என்பது மற்றொன்று. முன்னதற்கு விடையைக் கல்வித் துறையார் அடைவு என்பர். பின்னதற்கு விடையை வளர்ச்சி என்பர். (அடைவு என்னுஞ் சொல் பழையது. ‘அடைவே’ என்று உரையாசிரியர் எழுதின் ‘முறையே’ என்பது பொருள். இக்காலத்துக் கல்வித் துறையார் அதனை எய்திய நிலை என்னும் பொருளில் வழங்குகின்றனர். சொல் நன்றாகவே அமைந்துவிட்டது. யாமும் அதனையே கொள்வோம்.) செய்தித்தாள்களும், பள்ளிகளின் விளம்பரப் பலகைகளும், நம் சங்கத்தின் பரிசுப் பட்டியலும் முதல் வினாவிற்கு மட்டுமே விடை கூறுகின்றன. இரண்டாம் வினாவைக் கேட்பாரும் அரியர்.

ஆற்றுப் பாசனமுள்ள நன்செயில் ஒருவர் கண்ட நெல்லையும், வானம் பார்த்த புன்செயில் மற்றொருவர் கண்ட வரகையும் பக்கத்திற் குவித்துவைத்து, எவர் சிறந்த உழவர் என்று தீர்ப்புரைப்பார் நம்மூரில் எவரும் இலர். நிலம் எத்தகையது, நீர் எவ்வளவு, சென்ற ஆண்டு என்ன விளைந்தது என்று கேட்டறிந்த பின்னரே வாய் திறப்பர். பள்ளிக்கூடம் என்றவளவில் இவ்வறிவு நம்மைக் கைவிட்டு எங்கோ சென்றுவிடுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பிற்கு வந்த பிள்ளைகள், ஒரே அளவுகோலையுடைய தேர்வில், சராசரியாக நூற்றுக்கு 70 பெற்றிருந்தனர். எட்டாம் வகுப்பு முடிவில் 73 பெற்றனர். மற்றொரு பள்ளியில் வந்தபொழுது 30, முடிவில் 50. அடைவினால் முதற்பள்ளியே உயர்ந்தது, ஐயமில்லை. ஆயின், அம்மூன்று ஆண்டுகளில் பிள்ளைகள் மிகுதியாகக் கற்றது எப்பள்ளியில் என்று கேட்பின், விடை வேறாகின்றது. முதற்பள்ளியின் 73-இல் 70 வாயிலுக்குள் நுழையும்பொழுதே பிள்ளைகள் கொணர்ந்தது. அதனை அவர்க்கு ஈந்தவர் பெற்றோரோ, முந்திய பள்ளியின் ஆசிரியரோ ஆவர்.

இதன்மேலும் ஒன்றுண்டு. நுழைவுத் தேர்வு வைத்து வல்லாரை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொள்ளும் பள்ளிகளை நாம் அறிவோம். ஒன்பதாம் வகுப்பிலேயே மெலிந்த பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்து, மாற்றுச் சான்றிதழைக் கையிற் கொடுத்து அனுப்பிவிட்டு, எஞ்சியவரைக்கொண்டு நூற்றுக்கு நூறு காட்டும் பள்ளிகளையும் நாம் அறிவோம். அனுப்பப்பட்ட பிள்ளை எங்கே செல்கின்றது? பெரும்பாலும் சிற்றூர் அரசுப் பள்ளிக்கே. அப்பிள்ளை தவறினால் தவறு அப்பள்ளியின் கணக்கில் ஏறுகின்றது; முதற்பள்ளியின் நூற்றுக்குக் குறைவு நேர்வதில்லை. இத்தகைய நூறு பிள்ளைகளின் கல்வியை அளந்ததன்று; பள்ளியின் வடிகட்டியை அளந்தது.

இனி, வளர்ச்சியை அளத்தல் எளிதோ எனின், அன்று. ஊருக்கொரு மரக்கால் வழங்கிய காலத்தில், ஓரூரில் அளந்த பத்து மரக்கால் நெல்லை மற்றோரூரில் அளந்த பத்து மரக்காலோடு ஒப்பிடுதல் கூடாதாயிற்று. அரசு முத்திரையிட்ட படி வந்த பின்னரே ஒப்பீடு பொருளுடையதாயிற்று. எல்லார்க்கும் ஒரே வினா, ஒரே கால அளவு, ஒரே திருத்தும் முறை என வரையறுத்து நடத்தும் தரப்படுத்திய தேர்வு அத்தகைய முத்திரைப் படியே. ஆயினும் சென்ற ஆண்டுத் தேர்வில் 40 பெற்ற பிள்ளை இவ்வாண்டு 55 பெற்றமையால் 15 வளர்ந்தது என்று உடனே கூறிவிட இயலாது. என்னை? இவ்வாண்டு வினாத்தாள் எளிதாயிருந்திருக்கலாம். ஆதலின் தேர்வு அமைப்போர் இரண்டு தாள்களிலும் சில வினாக்களைப் பொதுவாக வைத்து, அவற்றின் வாயிலாக ஒரு தாளின் கடுமையை மற்றொன்றோடு ஒத்துப்பார்த்து, இரண்டையும் ஓர் அளவுகோலின்மேல் ஏற்றுகின்றனர். அத்தகைய தேர்வுகளின் வினாக்களை வெளியிடாது மறைத்துவைப்பதும் இதன்பொருட்டே. நம் பள்ளிகளின் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் இவ்வேற்பாடு இல்லை. அரையாண்டில் ஏறிற்று, முழுத்தேர்வில் இறங்கிற்று என்று பிள்ளைகளை வெயிலில் நிறுத்தும் தந்தையர் இதனை நினைவிற் கொள்வாராக.

நாட்டளவில் நடைபெறும் தேசிய அடைவு ஆய்வு 2021-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளில் நடந்தது. ஏறக்குறைய 34 லட்சம் மாணவர் எழுதினர். இதற்கு முந்தியது 2017-இல் நடந்தது. இவ்விரண்டையும் வைத்து, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வளர்ந்தனர் என்றோ தேய்ந்தனர் என்றோ மேடையிற் பேசுவார் பலர். 2017-இல் மூன்றாம் வகுப்பிலிருந்த பிள்ளைகள் வேறு. 2021-இல் அவ்வகுப்பிலிருந்தவர் வேறு. ஒரே பிள்ளையை இருமுறை அளந்தாலன்றி அப்பிள்ளையின் வளர்ச்சியை அறிய வழியில்லை. மேலும், இவ்வாய்வு சிலரைத் தெரிந்தெடுத்து அளந்து மாவட்டத்தின் நிலையைக் கூறுவது. நம் பிள்ளையின் பெயரோ மதிப்பெண்ணோ அதில் வாரா.

2009-ஆம் ஆண்டின் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டின் தொடர்ச்சியாக நடந்த தேர்வில், தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் இந்தியாவின் சார்பிற் கலந்துகொண்டன. 15 வயதுப் பிள்ளைகள் எழுதிய அத்தேர்வின் முடிவில், கலந்துகொண்ட 74 நாடுகளும் பகுதிகளுமாகியவற்றுள் நம் இரு மாநிலங்களும் கடைக்கோடியில் நின்றன. அதன்பின் 2012, 2015, 2018 ஆகிய ஆண்டுகளின் தேர்வுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. நின்ற இடத்தை ஒருமுறை காட்டிய அளவுகோலைத் தூக்கி எறிந்துவிட்டமையின், அவ்விடத்தினின்றும் நகர்ந்தோமா என்பதை அதே கோலால் அளக்கும் வாய்ப்பையும் இழந்தோம். அரசியலார் இதற்குப் பல காரணங் கூறுவர். வகுப்பறையில் நிற்கும் எமக்கு அது வருத்தமே தந்தது.

இனி, ஒரு கோட்டைக் கிழித்து அதனைத் தாண்டியவர் எத்துணையர் என்று மட்டும் எண்ணுவதால் விளையுங் கேடு புதிதன்று. இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டு, இராபர்ட்டு லோ என்பார் கல்விப் பொறுப்பேற்றிருந்த காலத்தில், திருத்திய விதி ஒன்று வகுக்கப்பெற்றது. படித்தல், எழுதுதல், கணக்கு என்னும் மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் மேற்பார்வையாளர் தேர்ந்து, தேறியவர் தொகைக்கேற்பப் பள்ளிக்கு உதவிப்பணம் அளிப்பர். தேறாதொழியின் பணம் குறையும். பயன் யாதாயிற்று? அந்நாட்டுப் புலவரும் பள்ளி மேற்பார்வையாளருமான மாத்யூ ஆர்னால்டு, படிக்கத் தெரியாத பிள்ளைகளையே படித்தல் தேர்வில் தேறச் செய்யும் வித்தை ஆசிரியர்க்குக் கைவந்துவிட்டது என்று 1869-இல் தம் அறிக்கையில் எழுதினார். அதே முறையைச் சென்னை மாகாணத்திலும் கொண்டுவந்தனர். நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் இன்ஸ்பெக்டர் வரும் நாளைக் கண்டு நடுங்கியது இதனாலேயே.

அமெரிக்கர் இப்பாடத்தை மறந்தனர் போலும். 2002-இல் அவர் நாட்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் படித்தலிலும் கணக்கிலும் தேர்வு வைக்குமாறும், 2014-க்குள் ஒரு பிள்ளையும் விடாது எல்லாரும் குறித்த நிலையை எய்துமாறும் ஆணையிட்டது. கோட்டிற்குச் சற்றுக் கீழே நின்ற பிள்ளைகளைத் தூக்கிவிடுவதிலேயே பள்ளிகள் பல முனைந்தன. வெகு தொலைவு பின்தங்கியவரைத் தூக்கினாலும் கணக்கில் ஏறாது. முன்னே சென்றுவிட்டவரை மேலும் உயர்த்தினாலும் ஏறாது. சில இடங்களில் முயற்சி வஞ்சகமாகவே மாறியது. அட்லாண்டா நகரத்தில் பிள்ளைகளின் விடைத்தாள்களை ஆசிரியரே அழித்துத் திருத்தினர் என்பதை மாநில அரசின் விசாரணை அறிக்கை 2011-இல் வெளிப்படுத்தியது. ஆராய்ந்த 56 பள்ளிகளுள் 44-இல் முறைகேடு. அதிற் சம்பந்தப்பட்ட ஆசிரியரும் தலைமையாசிரியருமாக 178 பேர். அச்சட்டம் 2015-இல் மாற்றப்பட்டது.

அதே நாட்டில் நடந்த மற்றொன்று நமக்கு ஊக்கந் தருவது. சிகாகோ நகரத்துப் பள்ளிகளே நாட்டில் மிக இழிந்தவை என்று 1987-இல் அந்நாட்டுக் கல்விச் செயலரே கூறினார். பின்னர் சிடான்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சான் ரியர்டன் என்பார், நாடு முழுவதும் ஏறக்குறைய 11,000 கல்வி மாவட்டங்களின் தேர்வெண்களை ஓரளவுகோலுக்குக் கொணர்ந்து ஆராய்ந்தார். 2009 முதல் 2014 வரை, மூன்றாம் வகுப்பினின்றும் எட்டாம் வகுப்பிற்குச் சென்ற ஐந்தாண்டுகளில், சிகாகோப் பிள்ளைகள் ஆறாண்டுக் கல்விக்கு நிகராக வளர்ந்திருந்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மாவட்டங்களைவிட இவ்வளர்ச்சி விரைந்தது. மூன்றாம் வகுப்பில் அவர்கள் நாட்டுச் சராசரிக்குக் கீழே இருந்தமையின், அடைவை மட்டும் நோக்கினோர்க்கு இஃது ஒருநாளும் புலப்பட்டிராது. ஊரின் செல்வநிலை அடைவோடு மிக நெருங்கிச் செல்கின்றது. வளர்ச்சியோடு அத்துணை நெருங்கிச் செல்லவில்லை என்பதும் அவ்வாராய்ச்சியிற் கண்டது. ஏழையூர்ப் பள்ளி என்றவுடன் இழிந்த பள்ளி என முடிவுகட்டுவார் இதனை எண்ணிப்பார்க்க.

நம் நாட்டிலேயே இதனினும் அணித்தான சான்று ஒன்றுளது. கொரோனா நோயின் பொருட்டு 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்கு 2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தன. அதற்குமுன் 2019-இல் தமிழகச் சிற்றூர்களில் ஆராய்ச்சியாளர் சிலர் பிள்ளைகளை வீடுவீடாகச் சென்று அளந்து வைத்திருந்தனர். அவ்வூர்களிலேயே 2021 திசம்பரில் மீண்டும் சென்று ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை அளந்தனர். 2019-இல் அதே வயதிலிருந்த பிள்ளைகளைவிட இவர்கள் பெரிதும் பின்தங்கியிருந்தனர். கணக்கில் இழப்பு மிகுதி. தமிழில் அதனிற் பாதியளவு. (தாய்மொழியை வீட்டிலும் தெருவிலும் கேட்டுக்கொண்டிருந்தனர், கணக்கைச் சொல்லித்தரத் தெருவில் ஆள் ஏது?) ஆறு திங்கள் கழித்து மறுபடியும் அளந்தபொழுது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அம்மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, மாலை நேரங்களில் அவ்வவ்வூர்த் தன்னார்வலர் நடத்திய இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளால் வந்தது என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஆறு திங்களின் முடிவில் அடைவை மட்டும் கேட்டிருந்தால், 2019-இன் பிள்ளைகளைவிட இவர்கள் இன்னும் பின்னேதான் நிற்கின்றனர் என்னும் விடையே கிடைத்திருக்கும்; ஆசிரியர் வீண், மாலை வகுப்பு வீண் என்று பேசியிருப்போம். வளர்ச்சியைக் கேட்டமையால், வழக்கத்தைவிட மிக விரைவாக அவர்கள் கற்றுக்கொண்டிருந்தனர் என்பதும், அவ்விரைவிற்கு ஊர்ப் பெண்கள் பலர் தம் வீட்டுத் திண்ணையில் நடத்திய மாலை வகுப்பும் ஒரு காரணம் என்பதும் விளங்கின. நாம் நிறுத்தலாமா என்று ஆராயப் புகுந்திருப்பதும் ஒரு மாலை வகுப்பையே!

வளர்ச்சி என்னும் எண்ணையும் கண்மூடி நம்புதல் ஆகாது. பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில், 20 பெறும் பிள்ளை ஒன்று வேறூர் சென்று, 80 பெறும் பிள்ளை ஒன்று வந்து சேர்ந்தால், எவரும் ஓரெழுத்தும் கூடக் கற்காமலே சராசரி 5 உயரும். நூற்றிருபது பிள்ளைகள் இருப்பின் அரையளவே உயரும். ஆகவே சிறு வகுப்பின் ஓராண்டு ஏற்ற இறக்கத்தை வைத்து எவரையும் புகழ்தலும் இகழ்தலும் வேண்டா. சென்ற முறை காய்ச்சலோடு எழுதி மிகக் குறைவாகப் பெற்ற பிள்ளை, ஒன்றும் செய்யாமலே இம்முறை ஏறும். நல்லூழால் மிக உயர்ந்த பிள்ளை சற்று இறங்கும். நூற்றுக்கு 98 பெற்றவன் வளர்வதற்கு அத்தாளில் இடமே இல்லை. இவற்றையெல்லாம் மறந்து, அமெரிக்காவில் வளர்ச்சி எண்ணைக்கொண்டு ஆசிரியரைத் தனித்தனியே எடைபோடத் தொடங்கினர். டென்னசி மாநிலம் 1992-இல் இதற்குச் சட்டஞ் செய்தது. அம்முறையை வகுத்த வில்லியம் சாண்டர்சு என்பார் வேளாண்மைப் புள்ளியியலில் தொழில் செய்தவர். யாம் மேலே நன்செய் புன்செய் என்றதைக் கேட்பின் உடன்பட்டிருப்பார். ஆயினும் மாணவர் மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியரால் வருவது நூற்றில் 1 முதல் 14 பங்கு வரையே என்று அமெரிக்கப் புள்ளியியற் கழகம் 2014-இல் எச்சரித்தது. எஞ்சியன வீடு, வறுமை, நோய், பள்ளியின் அமைப்பு முதலிய பிறவற்றால் வருவன.

மற்றொரு பக்கத்தையும் கூறாது விடுதல் முறையன்று. வளர்ந்திருக்கிறான், வளர்ந்திருக்கிறான் என்று கூறியே பெற்றோரை மகிழ்வித்து அனுப்பும் ஆசிரியர் சிலர் உளர். பத்தாம் வகுப்பின் வாயிலில் 35 என்னுங் கோடு நிற்கின்றது. கல்லூரி வாயிலிலும் அலுவல் வாயிலிலும் வேறு கோடுகள் நிற்கின்றன. அங்கே எவரும் நீ எங்கிருந்து புறப்பட்டாய் என்று கேளார். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டியும் படிக்க அறியாத பிள்ளை, எட்டாம் வகுப்பில் சிறு கதையைப் படிக்கின்றது எனின், வளர்ச்சி மிகப் பெரிது, பாராட்டுதற்குரியது. ஆயின் எட்டாம் வகுப்பு நூலைப் படிக்க இன்னும் இயலவில்லை என்பதையும் அதே மூச்சிற் பெற்றோரிடம் கூறுதல் வேண்டும். ஏழைப் பெற்றோரிடம் இனிமையான பாதி உண்மையைக் கூறி அனுப்புதல் அவரை வஞ்சித்தலேயாம். வளர்ச்சி ஆசிரியர் தொழிலைக் காட்டும். அடைவு பிள்ளையின் தேவையைக் காட்டும். இரண்டையும் ஒருங்கே கேளுங்கள்.

கேட்கும் முறையும் கடினமன்று. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், சிறு வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் அறிந்துள்ள அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பிரித்தனர். தமிழாசிரியராகிய எமக்கு இப்பெயர்கள் மிக உவப்பு. என் பிள்ளை தேறினானா என்று கேட்பதினும், சூன் திங்களில் அரும்பா, இப்பொழுது மொட்டா என்று கேட்கும் தாய் கூர்மையான வினாவைக் கேட்கின்றாள். மேல்வகுப்புகளுக்கும் அவ்வாறே கேட்கலாம்: ஆண்டுத் தொடக்கத்தில் எப்பகுதியைப் படித்தான், எத்தகைய கணக்கைப் போட்டான், இன்று எதனைப் படிக்கின்றான், எதனைப் போடுகின்றான்? அக்குறிப்பை எழுதிவைக்காத பள்ளியில், எழுதிவைக்குமாறு வற்புறுத்துங்கள்.

இனிப் பரிசு. பொதுத்தேர்வில் மாநில முதலிடம் இன்னார் என அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு அரசு 2017-ஆம் ஆண்டிலேயே கைவிட்டது; சங்கங்கள்தாம் இன்னும் கைவிட்டபாடில்லை. மிக்க மதிப்பெண் பெற்ற மூவர்க்குப் பரிசளிப்பதை யாம் தடுக்கவில்லை. அவர்கள் உழைத்தவர்கள். ஆயின் சென்ற சில ஆண்டுகளாக அம்மேடையில் ஏறியவர் பெரும்பாலும் கற்ற பெற்றோர்க்குப் பிறந்து தனிவகுப்பிற்குப் பணங் கட்டியவரே என்பதை அவையோர் அறிவர். தொடக்கத்தில் மிகப் பின்தங்கி நின்று, ஆண்டு முடிவில் மிகுந்த தொலைவு நடந்த பிள்ளைகட்கு அதே தொகையில், அதே மேடையில் மூன்று பரிசுகள் அமைக்குமாறு முன்மொழிகின்றோம். இரங்கி அளிக்கும் ஆறுதற் பரிசாகப் பெயரிட்டு அதனைக் கெடுத்துவிடற்க.

மாலை வகுப்பைப்பற்றி ஒன்று. நகரத்துப் பள்ளியின் தலைவர் நூற்றுக்கு நூறு என்று எழுதியனுப்பியிருக்கின்றார். அப்பிள்ளைகள் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தபொழுது எத்துணை மதிப்பெண் பெற்றிருந்தனர் என்பதையும், ஒன்பதாம் வகுப்பில் எத்துணைப் பேர் இருந்து பத்தாம் வகுப்பில் எத்துணைப் பேர் எழுதினர் என்பதையும் எழுதிக் கேட்குமாறு செயலாளரை வேண்டுகின்றோம். மாலை வகுப்பை நடத்தும் ஆசிரியையிடம், சென்ற சூன் திங்களில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே படிக்கச் செய்து குறித்துவைத்த ஏடு ஒன்றுளது. முப்பத்தொரு பெயர்கள், ஒவ்வொன்றன் எதிரிலும், அன்று படித்த பத்தியும் போட்ட கணக்கும். அதே பத்தியளவு கடினமுள்ள வேறு பத்திகளையும் அதே வகைக் கணக்குகளையும் வைத்து, அம்முப்பத்தொருவரையும் வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தேர்ந்து, ஏட்டின் வலப்பக்கத்தில் எழுதுவதாக அவ்வம்மையார் ஒப்புக்கொண்டுள்ளார். சங்கத்தினின்றும் இருவர் உடனிருந்து காணலாம். இரண்டு பக்கங்களும் நிரம்பிய அவ்வேட்டை அடுத்த திங்கட் கூட்டத்திற்குக் கொணர்கின்றோம். அதுகாறும் இப்பொருளின்மேல் வாக்கெடுப்பை ஒத்திவைக்குமாறு அவைத்தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.